புண் மூடிருச்சு, சுத்தியுள்ள தோல்தான் ஆறல. போடுற மருந்தே ஒத்துக்கலையோ?

பூம்பாறை மருமகள் · செவ்வாய், காலை

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில பூம்பாறையிலருந்து எழுதுறேன். எங்க அத்தை பூண்டுக் காட்டுல களை எடுக்கையில களைக்கொத்து முழங்காலுக்குக் கீழே பட்டுருச்சு. பெரிய வெட்டு இல்ல. டிடி ஊசி அன்னைக்கே போட்டாச்சு. அதுக்கப்புறம் எல்லாம் அவுக கை வைத்தியம்தான். காலையில கிருமிநாசினித் திரவத்தைப் பஞ்சுல ஊத்தி அப்படியே துடைப்பாக, மேல புண்ணுக்குப் போடுற பவுடர், ராத்திரி ஒரு களிம்பு, பஞ்சு வெச்சு பிளாஸ்டர்.

வெட்டுன இடம் இப்ப வாய் மூடிருச்சு. ஆனா அதைச் சுத்தி உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, பொடிப்பொடியா நீர்க்கொப்புளம், தண்ணி கசியுது. அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு, ராத்திரி தூக்கமே இல்ல. சீழ் இல்ல, காய்ச்சல் இல்ல, சுகரும் இல்ல. அந்தக் கால்ல நரம்புச் சுருட்டல் மட்டும் ரொம்ப நாளா உண்டு. பக்கத்து வீட்டு ஆத்தா "விஷம் இறங்குது, இன்னும் காரமான மருந்தாப் போடு"ங்குறாக. எனக்கு என்னமோ மருந்து போடப்போடத்தான் கூடுதோன்னு சந்தேகம். வேற மருந்து மாத்தலாமா?

கூக்கால் குளிர் · செவ்வாய், காலை

மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில காய்ச்சிப் போடுங்க. ரெண்டே நாள்.

வத்தலக்குண்டு மருந்தாளுநர் · செவ்வாய், மதியம்

தங்கச்சி, மாத்துறது அப்புறம். முதல்ல எல்லாத்தையும் நிறுத்துங்க. திரவம், பவுடர், களிம்பு, பிளாஸ்டர் நாலையும். மேலே தம்பி சொன்ன மஞ்சளும் வேண்டாம், இப்ப அந்தத் தோல் எதையும் தாங்காது. மஞ்சளே ஒத்துக்காதவங்களையும் பார்த்திருக்கேன்.

மருந்துக்கடையில காலம் தள்ளினவன், டாக்டர் இல்ல. அதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

மேல போடுற மருந்து தோலைக் கெடுக்குறது ரெண்டு விதம். ஒண்ணு எரிச்சல். மருந்து வீரியமா இருந்தா, இல்ல ரொம்ப நேரம் ஈரமா ஒட்டிக்கிட்டு இருந்தா யார் தோலா இருந்தாலும் வெந்துதான் போகும். போட்ட கொஞ்ச நேரத்துல காந்தும், மருந்து பட்ட எல்லையோட நின்னுக்கும். இன்னொண்ணு ஒவ்வாமை. இது எல்லாருக்கும் வராது. உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு பழகவே பத்து நாளுக்கு மேல ஆகலாம். ஒரு தடவை பழகிட்டா, அதுக்கப்புறம் எப்ப பட்டாலும் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுக் கிளம்பும். இதுக்கு அடையாளம் அரிப்பு, பொடிக்கொப்புளம், கசிவு, மருந்து படாத இடத்துக்கும் மெல்லப் பரவுறது. நீங்க எழுதினது ரெண்டாவது மாதிரிதான் தெரியுது. முதலாவதும் கலந்திருக்கலாம், ஏன்னா திரவத்தை நீர்க்காம ஊத்துறதா சொல்றீங்க.

வீட்டுல இருக்கிற டப்பாக்களைத் திருப்பி, பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. டெட்டால்னா குளோராக்ஸைலினால், 4.8 சதம். புண்ணு கழுவ ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணி கலக்கணும். சாவ்லான்னா குளோர்ஹெக்ஸிடினும் செட்ரிமைடும், அதுவும் நீர்த்துப் போடவேண்டியதுதான். பீட்டாடின்னா பொவிடோன் அயோடின். பவுடர் நியோஸ்போரின் வகைன்னா நியோமைசின், பாலிமிக்ஸின், பேசிட்ரேசின்னு மூணு ஆன்டிபயாட்டிக்கும் உள்ளே இருக்கும். களிம்பு சோஃப்ராமைசின் வகைன்னா அது ஃப்ரேமைசெட்டின், வேதியியல் கணக்குல அது நியோமைசின் பி. அதாவது பவுடர் ஒத்துக்கலன்னு நிறுத்திட்டுக் களிம்புக்கு மாறினாலும் நீங்க அதே வீட்டுக்குப் பின்வாசல் வழியா வர்றீங்க. கடையில நான் அதிகமாப் பார்த்தது இதைத்தான்.

மூணு கேள்வி. எரிச்சலா அரிப்பா, எது முதல்ல வந்துச்சு? சிவப்போட ஓரம் என்ன வடிவம்? களிம்பு டப்பாவுல ஸ்டீராய்டு ஏதாவது சேர்ந்திருக்கா?

தாண்டிக்குடி காப்பி · செவ்வாய், மாலை

அண்ணே சொன்ன முதல் விதத்தை எங்க தோட்டத்துல கண்ணால பார்த்தேன். மழை மாசத்துல காப்பிச் செடிக்கு அடியில அட்டை. கடிச்சா வலியே தெரியாது, ரத்தம்தான் நிக்காது, ஏன்னா அது எச்சில்ல ரத்தம் உறையாம இருக்கச் சரக்கு வெச்சிருக்கு. வேலைக்கு வந்த ஒரு பையன் பயந்துபோய்த் துணியைக் கிருமிநாசினியில முக்கிக் கணுக்கால்ல சுத்தி, மேல பாலித்தீன் கவரையும் கட்டி, அதுமேல பூட்ஸ் மாட்டிக்கிட்டான். சாயங்காலம் அவுத்தா அட்டை கடிச்ச புள்ளி தெரியவே இல்ல, துணி சுத்தின அகலத்துக்கு வளையமாத் தோல் உரிஞ்சு கிடக்கு. மருந்துதான், ஆனா நீர்க்காம, காத்துப்படாம நாள் பூரா.

எங்க பாட்டன் காலத்துல பொயிலைச் சாறு, சுண்ணாம்பு. சுண்ணாம்பு அதைவிட மோசம், அது கொதிக்கக் கொதிக்கச் சுடும். இப்ப நாங்க நகத்தால வழிச்சுத் தள்ளிட்டு, சோப்புத்தண்ணியில கழுவி, சுத்தத் துணியை வெச்சு அழுத்திப் பிடிக்கிறதோட சரி. அட்டை கடிச்ச இடம் நாலஞ்சு நாள் அரிக்கத்தான் செய்யும், அதுக்கு மருந்தைக் குத்தம் சொல்ல முடியாது.

கவுஞ்சி கந்தன் · செவ்வாய், இரவு

எங்க தாத்தா டிங்சர் அயோடின் ஊத்துவாரு, நாங்க கத்துவோம், ஆறிரும். எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். இப்ப எல்லாத்துக்கும் அலர்ஜின்னு பேரு வெச்சுட்டாக.

வத்தலக்குண்டு மருந்தாளுநர் · செவ்வாய், இரவு

டிங்சர்ல எரியுறது சாராயம் அண்ணே. கிருமியைக் கொல்லுற வேலைக்கும் அந்த எரிச்சலுக்கும் சம்பந்தம் கம்மி. அயோடினைப் பாலிமரோட பிணைச்சு மெல்ல மெல்ல விடுற மாதிரிப் பொவிடோன் அயோடின் வந்ததே அந்த எரிச்சலையும் கறையையும் குறைக்கத்தான். தாத்தா ஒரு சொட்டு தொட்டு வெச்சிருப்பாரு. இப்ப ஆளுக்கு ஒரு பாட்டில், வேளைக்கு ரெண்டு வாட்டி, மேல பிளாஸ்டர்.

மேல்மலை நர்ஸக்கா · செவ்வாய், இரவு

அரிப்புன்னு கேட்டதும் கொஞ்சம் நிம்மதி. இருந்தாலும் ஒரு விஷயத்தை எல்லாரும் கவனிங்க. தோலுக்கடியில கிருமி பரவினாலும் கால் சிவக்கும். அப்ப அரிப்பைவிட வலி முன்னாடி நிக்கும். தொட்டாச் சுடும், அமுக்கினா வலிக்கும், தோல் பளபளன்னு இறுகும், தொடை இடுக்குல நெறி கட்டும், குளிர் காய்ச்சல் வரும். இதுல எது இருந்தாலும் இந்த இழையைப் படிச்சுக்கிட்டு உக்காராதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி. சுகர் உள்ளவங்க இன்னும் சீக்கிரம். சொறிஞ்சு சொறிஞ்சு ஒவ்வாமைப் புண்ணுலயும் கிருமி ஏறிக்கலாம், அதனால ரெண்டும் ஒண்ணா வர்றதும் நடக்கும்.

இப்போதைக்குக் கொதிக்கவெச்சு ஆறின தண்ணி அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போட்டு, மெல்லிய வெள்ளைத் துணியை நனைச்சுப் பத்து பதினஞ்சு நிமிசம் மேல போட்டு எடுங்க. கசிவு அடங்கும். ஒத்தி எடுத்துட்டு, வாசனை எதுவும் சேராத வெறும் வாசலின் மெல்லிசா. மேல துணி, அதைக் கட்டுத்துணியால சுத்துங்க. ஒட்டுற பிளாஸ்டர் வேண்டாம்.

இன்னொண்ணு. "மருந்தெல்லாம் நிறுத்து"ன்னு படிச்சுட்டு நாய்க்கடிக்கும் குரங்குக்கடிக்கும் அப்படியே விட்டுராதீங்க. கொடைக்கானல் ஏரிக்கரையில, கோக்கர்ஸ் வாக் நடைபாதையில குரங்கு பிறாண்டினாக்கூட சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில முழுசா 15 நிமிசம் கழுவணும். அப்புறம் பொவிடோன் அயோடின், உடனே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அங்க அரிப்பைப் பத்தி யோசிக்கிறது ரெண்டாம் பட்சம்.

கூக்கால் குளிர் · செவ்வாய், இரவு

கொதிக்கவெச்ச தண்ணின்னதும் ஞாபகம் வருது. நம்ம உயரத்துல தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், கீழ மாதிரி நூறு கிடையாது. கொப்புளிச்சதும் இறக்காம மூணு நிமிசமாவது விடுங்க. (மஞ்சளை வாபஸ் வாங்கிக்கிறேன்.)

பூம்பாறை மருமகள் · புதன், காலை

எல்லாருக்கும் நன்றி. அண்ணே கேட்டதுக்குப் பதில். அரிப்புதான் முதல்ல. வடிவத்தை நேத்து ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பிளாஸ்டர் ஒட்டின சதுரம் தெளிவாத் தெரியுது. அதுபோக, கீழ கணுக்கால் பக்கமா கோடு கோடா இறங்குது, திரவம் வழிஞ்ச தடம் போல. பவுடர்ல நியோமைசின் இருக்கு. களிம்பு ஃப்ரேமைசெட்டின். இதுபோக அத்தை டிரங்குப் பெட்டியிலருந்து இன்னொரு டியூப் எடுத்துக் காட்டுறாக, முன்னாடி எப்பவோ காலரிப்புக்குக் கடையில குடுத்ததாம். அதுல பீட்டாமெத்தசோன், நியோமைசின்னு போட்டிருக்கு. நடுவுல அதையும் போட்டுப் பார்த்தாகளாம், போட்டா ரெண்டு நாள் அடங்குது, விட்டா முன்னைவிடக் கூடுதுங்குறாக.

இன்னொரு சங்கதி, சம்பந்தம் இருக்கான்னு தெரியல. அவுகளுக்கு இடது கையில பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூணுலயும் நுனி வெடிச்சு உரிஞ்சே கிடக்கும். குளிர்னு நினைச்சுட்டிருந்தோம்.

மதுரை தோல் மருத்துவ மாணவி · புதன், மதியம்

அக்கா, நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய வரலாறு பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறது.

அந்த டிரங்குப் பெட்டி டியூபிலிருந்து தொடங்குகிறேன். அதிலுள்ள பீட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, அது அழற்சியை அடக்கும், கூடவே இருக்கும் நியோமைசின் அதைத் தூண்டும். போடும்வரை ஸ்டீராய்டு கை ஓங்கியிருக்கும், நிறுத்தியதும் நியோமைசின் செய்த வேலை வெளியே வரும். பெயருக்குப் பின்னால் 'என்' என்ற எழுத்தோடு வரும் களிம்புகளில் பெரும்பாலும் அந்த எழுத்து நியோமைசினைத்தான் குறிக்கும். மருந்துச்சீட்டு இல்லாமல் இவற்றை வாங்கிப் போடும் வழக்கம் ஒழிந்தாலே எங்கள் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் குறையும் என்பது என் சொந்தப் புலம்பல்.

நியோமைசின் சாதாரண ஆள் இல்லை. 2010-ல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பவுடரில் கூடவே இருக்கும் பேசிட்ரேசினுக்கு 2003-லேயே அந்தப் 'பெருமை' கிடைத்துவிட்டது. நம் ஊரில் இவற்றோடு நைட்ரோஃபுராசோன் களிம்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நரம்புச் சுருட்டல் உள்ள காலில் ரத்தம் தேங்கித் தோல் ஏற்கெனவே நலிந்திருக்கும். அந்தத் தோலில் மாதக்கணக்காகக் களிம்பு பூசுபவர்களுக்கு இந்த ஒவ்வாமை மற்றவர்களைவிட அதிகம் வருகிறது.

சதுர வடிவத்துக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பிளாஸ்டருக்கு அடியில் மருந்து பொதிந்திருந்தது ஒன்று. பிளாஸ்டரின் பசையே ஒத்துக்கொள்ளாதது இன்னொன்று. சில பசைகளில் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் கொலோஃபனி இருக்கும். (உங்கள் ஊர் பைன் காட்டில் படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம்.) அல்லது இரண்டும் சேர்ந்திருக்கலாம். கோடு கோடாக இறங்குவது நீர்க்காத திரவத்தின் எரிச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விரல்களைப் பற்றிக் கேட்டீர்கள். அத்தை வலக்கைக்காரரா? பூண்டை இடது கையில் பிடித்து வலது கையால் உரிப்பாரா? பிடிக்கும் கையின் அந்த மூன்று விரல் நுனிகள்தான் பூண்டு ஒவ்வாமையின் முகவரி. டைஅல்லைல் டைசல்ஃபைடு என்ற பொருள் காரணம். அது பெரும்பாலான கையுறைகளையே ஊடுருவிவிடும்.

மன்னவனூர் பூண்டு · புதன், மாலை

கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே குடுத்திருக்காக, அதைப் போய்க் குத்தம் சொன்னா எப்படின்னு கேக்கலாம்னுதான் வந்தேன். ஆனா உள்ளதைச் சொல்லணும்ல. எங்க பக்கம் படர்தாமரைக்குப் பச்சைப் பூண்டை நசுக்கி வெச்சுக் கட்டுற பழக்கம் உண்டு. என் மச்சான் கட்டிக்கிட்டுத் தூங்கிட்டான். விடிஞ்சு பார்த்தா நெருப்புல பட்ட மாதிரி கொப்புளம். தழும்பு இன்னும் கிடக்கு, படர்தாமரையும் அப்படியேதான் கிடந்துச்சு. குழம்புல போடுங்க சாமி, தோலுல போடாதீங்க. யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான். சளிக்கு ஆவி பிடிக்க ஆகும். டூரிஸ்ட்டுக்கு விக்கிறோம்ங்கிறதுக்காகப் புண்ணுல ஊத்தக் கூடாது.

கவுஞ்சி கந்தன் · புதன், மாலை

சரி, அப்ப பீட்டாடின் மட்டும் போட்டா ஆகாதா? அதுவும் என் மதினிக்குக் கருவாடு ஒத்துக்காது, அயோடின் அலர்ஜின்னு சொல்லிக் கீழ ஒரு கிளினிக்குல அதையும் போட விடல.

மதுரை தோல் மருத்துவ மாணவி · புதன், இரவு

இது நாடெங்கும் உள்ள நம்பிக்கை, மருத்துவமனைகளிலும் உண்டு. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை டிரோபோமையோசின் என்ற புரதம். மீன் என்றால் பார்வால்புமின். அயோடினுக்கு அதில் பங்கில்லை. அயோடின் ஒத்துக்கொள்ளாது என்றால் உங்கள் மதினி அயோடின் கலந்த உப்பும் சாப்பிட முடியாதே?

பொவிடோன் அயோடினுக்கு உண்மையான ஒவ்வாமை அபூர்வம். அதன் பெயரில் வருவது பெரும்பாலும் எரிச்சல்தான், ஈரம் காயாமல் அறுவைச் சிகிச்சையின்போது முதுகுக்கடியிலோ கட்டுக்கடியிலோ தேங்கும்போது. மெல்லப் பூசிக் காயவிட்டால் போதும். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் பெரிய பரப்பில் நாள்கணக்காகப் போடக்கூடாது, அயோடின் உள்ளே உறிஞ்சப்படும்.

நான் உண்மையிலேயே பயப்படுவது சாவ்லானில் இருக்கும் குளோர்ஹெக்ஸிடினுக்கு. தோலில் அரிப்போடு நிற்கும் வகையும் அதில் உண்டு. ஆனால் மிகச் சிலருக்கு அது நிமிடங்களில் உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே வந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது. சிக்கல் என்னவென்றால் அது பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. பல் டாக்டர் கொடுக்கும் வாய் கொப்பளிக்கும் மருந்து, சிறுநீர்க் குழாய் போடும்போது தடவும் சில ஜெல்கள், அறுவைச் சிகிச்சைக்கு முன் தோலைத் துடைக்கும் திரவம். வாய் கொப்பளித்ததும் உதடு வீங்கியது, தோலைத் துடைத்ததும் தடித்தது என்று முன்பு எப்போதாவது நடந்திருந்தால் அதை எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

தாண்டிக்குடி காப்பி · புதன், இரவு

அப்ப தோட்டத்து முதலுதவிப் பெட்டியில என்னதான் வெக்கிறது? காலி டப்பாவா?

வத்தலக்குண்டு மருந்தாளுநர் · புதன், இரவு

சோப்பு, சுத்தமான தண்ணி, சலைன் பாட்டில், கிருமி நீக்கின துணி, கட்டுத்துணி, வாசலின், சின்ன பொவிடோன் அயோடின் பாட்டில் ஒண்ணு. சாதாரண சிராய்ப்பைக் குடிக்கிற தரத்துத் தண்ணியில நல்லாக் கழுவினாலே போதும், கிருமிநாசினி ஊத்தித்தான் ஆகணும்னு இல்ல. நியோமைசின் பவுடரை எடுத்துருங்க. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைக்கிறது பார்க்க நல்லா இருக்கும், புதுசா வளர்ற சதையையும் சேர்த்துத்தான் நுரைக்கும்.

பூம்பாறை மருமகள் · மறு வாரம், வெள்ளி

கொடைக்கானல் போய்க் காட்டியாச்சு. கிருமி பரவல் இல்லைன்னாக, ஸ்டீராய்டு மட்டும் உள்ள களிம்பும் ராத்திரிக்கு அரிப்பு மாத்திரையும் குடுத்தாக. உப்புத்தண்ணித் துணி போட்ட மறுநாளே கசிவு நின்னுருந்துச்சு. இப்ப உரிஞ்சு, கருத்து, காய்ஞ்சுட்டு வருது. அத்தை தூங்குறாக, அதுவே போதும். மதுரைக்குப் போய் முதுகுல ஒட்டுற டெஸ்ட் எடுக்கச் சொன்னாக. அது எப்படிங்க, போயிட்டு அன்னைக்கே திரும்பலாமா?

மதுரை தோல் மருத்துவ மாணவி · சனி, காலை

ஒரே நாளில் முடியாது. சிறு கிண்ணங்களில் ஒவ்வாமைப் பொருட்களை வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வையைத் தவறவிட்டால் நியோமைசின் கையில் சிக்காமலே போகலாம், அது மெதுவாகத்தான் தலைகாட்டும். இடையில் முதுகு நனையக்கூடாது, வியர்க்கவும் கூடாது. அதனால் சித்திரையில் வந்து மதுரையில் தங்காதீர்கள், மார்கழி தையில் வாருங்கள். இப்போதைய அழற்சி நன்றாக அடங்கியிருக்க வேண்டும், முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருக்கக் கூடாது, ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். வரும்போது அந்த இரண்டு டியூபையும் பவுடரையும் பிளாஸ்டரையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

பூம்பாறை மருமகள் · தை மாசம்

பழைய இழையைத் தூசி தட்டுறேன். பொங்கல் முடிஞ்சு மதுரையில சித்தி வீட்டுல தங்கி டெஸ்ட் எடுத்தாச்சு. ரெண்டாம் நாள் ஒண்ணும் பெருசாத் தெரியல. நாலாம் நாள் நியோமைசின் வெச்ச இடம், ஃப்ரேமைசெட்டின் வெச்ச இடம் ரெண்டும் சிவந்து தடிச்சு, பொடிக்கொப்புளத்தோட நிக்குது. கொலோஃபனிக்கு லேசா ஒரு சிவப்பு, கணக்குல எடுக்க வேண்டாம்னாக. குளோர்ஹெக்ஸிடினுக்கு ஒண்ணுமில்ல. பூண்டை அன்னைக்குச் சோதிக்கல. அத்தை அதைக் கேட்டுட்டு "பூண்டு ஆகாதுன்னு எழுதிக் குடுத்தா மட்டும் யாரு உரிக்கிறது, நீயா?"ன்னாக. இப்ப நான்தான் உரிக்கிறேன்.

ஆகாத மருந்துப் பேரெல்லாம் ஒரு கார்டுல எழுதிக் குடுத்திருக்காக.

மேல்மலை நர்ஸக்கா · தை மாசம்

கார்டைப் பத்திரமா வைங்க. அத்தைக்குக் கண் புரை இருக்கா? ஆபரேசனுக்கு அப்புறம் குடுக்குற சொட்டு மருந்து சிலதுல நியோமைசின் உண்டு, காதுச் சொட்டுலயும் உண்டு. ஜென்டாமைசின், டோப்ராமைசின் எல்லாம் அதே குடும்பம், சிலருக்கு அதுவும் சேராது. கண் முகாமுல பேரு பதியும்போதே கார்டைக் காட்டிருங்க.

பூம்பாறை மருமகள் · தை மாசம்

இருக்குக்கா, வலது கண்ணுல. அடுத்த முகாமுக்குப் பேரு குடுத்திருக்கோம். கார்டை ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணு அவுக ஆதார் கவர்ல, ஒண்ணு என் போன்ல படமா.